பாகம் நம்பரும் ரோசம்மா புன்னூஸும்

"சேச்சி, இது ஒத்துப்போகுன்னில்லல்லோ" என்றார் வரணாதிகாரி.

2010 பஞ்சாயத்துத் தேர்தல். வேட்புமனு பரிசீலனை நாள். கேரளத்தின் தேவிகுளம் தாலுகாவில் எங்கள் பஞ்சாயத்து ஆபீஸின் மேல்மாடி ஹால். வெளியே சாரல், உள்ளே ஈரக் குடைகளின் வாடை. வரணாதிகாரி என்றால் தேர்தல் நடத்தும் அதிகாரி. மலையாளத்தில் பரிசீலனைக்கு 'சூக்ஷ்மப் பரிசோதனை' என்று பேர். அந்தப் பேரைக் கேட்டாலே ஏதோ ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

என் மனுவை முன்மொழிந்தவள் என் சித்தி மகள். எஸ்டேட்டில் ஒரே டிவிஷன், பக்கத்து லயம் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு). மனுவில் அவளுடைய பாகம் நம்பரை, அதாவது வாக்காளர் பட்டியலில் அவள் பேர் இருக்கும் பகுதியின் எண்ணை, சரியாகத்தான் எழுதியிருந்தேன். வரிசை எண் 412 என்று போட்டிருந்தேன். அதிகாரி பட்டியலைத் திருப்பி 412-ல் விரலை வைத்தார். அங்கே ஒரு ஆம்பளை பேர் இருந்தது. சித்தி மகள் மூன்று வரி தள்ளி 415-ல் இருந்தாள். நான் பார்த்து எழுதியது கரட்டுப் பட்டியல், அதாவது வரைவுப் பட்டியல். இறுதிப் பட்டியல் வந்தபோது நடுவில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருந்தார்கள். அவ்வளவுதான் விஷயம். அதற்குள் எதிர்த்தரப்பு ஏஜென்ட் எழுந்து நின்று, "தள்ளணும் சாரே" என்று ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது. முந்தின நாள் வரை கொழுந்து எடுத்த கை. நகக்கண்ணில் கறை அப்படியே இருந்தது. அந்தக் கையை மேஜைக்கு அடியில் மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பின்னால் இருந்த யூனியன் தலைவர் (எழுபத்தைந்து வயது இருக்கும், நாங்கள் 'தலைவர்' என்றே கூப்பிடுவோம்) குனிந்து காதில் சொன்னார்: "பயப்படாத தாயி. 1957-ல இந்தத் தொகுதியே ஒரு மனுவுலதான் கவுந்துச்சு. தள்ளுறதுக்கு அவரு ஒண்ணுக்கு ரெண்டு தரம் யோசிப்பாரு."

அதிகாரி யோசித்தார். சித்தி மகளைக் கூப்பிட்டு அடையாள அட்டையைப் பார்த்தார். எழுத்துப் பிழை என்று குறித்துவிட்டு மனுவை ஏற்றுக்கொண்டார். கீழே இறங்கி ஒரு கட்டன்சாயா குடித்த பிறகுதான் தலைவரிடம் கேட்டேன், 1957-ல் என்ன நடந்தது என்று.

தலைவர் சொன்ன ரோசம்மா புன்னூஸ் என்ற பேர் எனக்குப் புதிதில்லை. பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். கேரளத்தில் பரீட்சை எழுதுகிற பிள்ளைகளுக்கு இந்தப் பேர் மனப்பாடம். கேரள சட்டசபையில் முதன்முதலாகப் பதவிப் பிரமாணம் எடுத்தவர், முதல் தற்காலிக சபாநாயகர், கோர்ட் தீர்ப்பால் பதவி இழந்த முதல் எம்எல்ஏ, முதல் இடைத்தேர்தலில் ஜெயித்தவர். நான்கு கேள்விக்கும் ஒரே பதில். நான்குமே எங்கள் தேவிகுளத்தை வைத்து வந்தவை என்பதை எத்தனை பிள்ளைகள் கவனித்திருப்பார்கள் என்று தெரியாது.

1913-ல் காஞ்சிரப்பள்ளியில் பிறந்தவர். அக்கா அக்கம்மா செரியான். 1938 அக்டோபர் 23 அன்று, தடை செய்யப்பட்டிருந்த ஸ்டேட் காங்கிரசுக்காகத் திருவனந்தபுரம் தம்பானூரிலிருந்து கவடியார் அரண்மனைக்கு ஊர்வலம் நடத்திப் போனவர் அவர். காந்தி அவரைத் திருவிதாங்கூரின் ஜான்சி ராணி என்றார். அந்த வீட்டுத் தங்கை சென்னையில் சட்டம் படித்தார், அதே போராட்டத்தில் சிறைக்குப் போனார், 1946-ல் கம்யூனிஸ்ட் தலைவர் பி.டி. புன்னூஸைக் கல்யாணம் செய்துகொண்டார், 1948-ல் கட்சியிலும் சேர்ந்தார். 1957-ல் கணவர் பார்லிமென்டுக்கு நிற்க, இவர் தேவிகுளத்தில் சட்டசபைக்கு நின்றார்.

அந்த நேரம் எப்படிப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். 1956 நவம்பர் 1-ல்தான் மொழிவாரி மாநிலம் பிரிந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு, செங்கோட்டையின் ஒரு பகுதி எல்லாம் சென்னை மாகாணத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் வரவேண்டும் என்று வருஷக்கணக்காகப் போராட்டம் நடந்தும் இரண்டும் கேரளத்தோடு நின்றுவிட்டன. அந்தக் காயம் ஆறாத நாலாவது, ஐந்தாவது மாதத்தில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் நிறைந்த தொகுதியில் காஞ்சிரப்பள்ளி மலையாளி ஒரு அம்மா வந்து நின்று ஜெயித்தார் என்றால், ஓட்டு மொழியை மட்டும் பார்த்து விழவில்லை என்றுதான் அர்த்தம். கூலி, விறகு, பிள்ளைப்பேறு லீவு, கங்காணியின் வசவு, இதையெல்லாம் பார்த்து விழுந்த ஓட்டு. அப்படித்தான் நான் நினைக்கிறேன். தலைவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார். "அதெல்லாம் யூனியன் பலம்" என்பார்.

அந்த சபையில் மொத்தம் ஆறு பெண்கள். கே.ஆர். கௌரி மந்திரி ஆனார், ஆயிஷா பாய் துணை சபாநாயகர் ஆனார். மற்ற உறுப்பினர்கள் பதவியேற்க யாராவது ஒருவர் முதலில் பதவியேற்று நாற்காலியில் உட்கார வேண்டுமே, அது ரோசம்மாவுக்கு அமைந்தது. கவர்னர் முன்னால் அவர் பிரமாணம் எடுத்தார், பிறகு எல்லாரும் அவர் முன்னால் எடுத்தார்கள்.

அப்புறம்தான் அந்த மனு. பி.கே. நாயர் என்பவர் தேவிகுளத்தில் நிற்கப் போட்ட வேட்புமனு பரிசீலனையில் தள்ளப்பட்டிருந்தது. அது தப்பாகத் தள்ளப்பட்டது என்று வழக்கு போய், ரோசம்மாவின் வெற்றி செல்லாது என்று தீர்ப்பானது. தள்ளியது அதிகாரி, பதவி போனது ஜெயித்தவருக்கு. சட்டம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. தள்ளக்கூடாத மனுவைத் தள்ளிவிட்டால், ஜெயித்தவர் எத்தனை ஓட்டில் ஜெயித்திருந்தாலும் அந்தத் தேர்தல் செல்லாது. ஏற்கக்கூடாத மனுவை ஏற்றுக்கொண்டிருந்தால், அதனால் முடிவே மாறியது என்று நிரூபிக்க வேண்டும். தலைவர் சொன்ன "ரெண்டு தரம் யோசிப்பாரு" என்பதன் உள்ளர்த்தம் இதுதான்.

எனக்கு இது அன்றைக்கே பிரயோஜனப்பட்டது. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. என்னை எதிர்த்து நின்ற அக்காவின் மனுவில் ஒரு குறை கண்டுபிடித்து வைத்திருந்தார்கள். பாரத்தில் வீட்டுப்பேர் கேட்டிருக்கும். மலையாளிகளுக்குப் பரம்பரை வீட்டுப்பேர் உண்டு. லயத்தில் பிறந்த நமக்கு ஏது வீட்டுப்பேர்? ஒருத்தர் டிவிஷன் பேரை எழுதுவார், ஒருத்தர் லயம் நம்பரை எழுதுவார், இன்னொருத்தர் அப்பா பேரையே எழுதிவிடுவார். அந்த அக்கா மனுவில் ஒரு மாதிரியும் பட்டியலில் வேறு மாதிரியும் இருந்தது. இனிஷியலும் மாறியிருந்தது. மதியத்துக்குப் பிறகு இதைக் கிளப்பலாம் என்று திட்டம். தலைவர் ஒரே வார்த்தையில் நிறுத்தினார். "தள்ளிட்டா நீ ஜெயிச்சு உக்காந்த பிறகு கோர்ட்டுல வந்து எழுப்புவாங்க. ரோசம்மாவுக்கு ஆனது உனக்கும் ஆகணுமா?" அந்த அக்கா நின்றார். நான் 61 ஓட்டில் ஜெயித்தேன். என்னை யாரும் கோர்ட்டுக்கு இழுக்கவில்லை.

மனு போடப் போகிற பெண்களுக்கு என் கைச்செலவில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். இறுதிப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டுதான் பாரத்தைத் தொட வேண்டும், கரட்டுப் பட்டியலை வீட்டில் கூட வைத்திருக்கக் கூடாது. முன்மொழிபவர் அதே வார்டு வாக்காளரா என்று பார்க்க வேண்டும். பக்கத்து லயம்தான் என்றாலும் வார்டு எல்லை நடுவில் ஓடியிருக்கும். ஒரு செட்டோடு நிற்காமல், வேறு ஆள் முன்மொழிந்த இன்னொரு செட்டும் போட்டு வைப்பது நல்லது. கடைசி நாள் கடைசி மணிக்குப் போகக் கூடாது, ஒரு நாள் முன்னால் போனால் அங்கேயே பிழையைச் சொல்லித் திருத்தச் சொல்வார்கள். பேரைப் பட்டியலில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம்.

பட்டியல் சாதி வார்டு என்றால் சாதிச் சான்றிதழ்தான் பெரிய வேலை. எஸ்டேட் தமிழர்களுக்கு அது சீக்கிரம் கிடைக்காது. தாத்தாவோ அப்பாவோ 1950-க்கு முன்பே இங்கே குடிவந்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். பழைய செக்ரோல் (எஸ்டேட்டின் ஆள் பேர்ப் பதிவேடு), பள்ளிக்கூட ரிஜிஸ்டர், கல்லறைப் பதிவு என்று எதைத் தேடினாலும் ஆறு மாதம் ஆகும். தேர்தல் அறிவித்த பிறகு தாசில்தார் ஆபீஸுக்கு ஓடிப் பலனில்லை. இந்த விஷயத்தில் எம்எல்ஏ-க்கே என்ன ஆனது என்று பார்த்தோம். 2021-ல் தேவிகுளத்தில் ஜெயித்த ஏ. ராஜா தமிழில் பதவியேற்றார், வாசகத்தில் விடுபட்ட சொல்லுக்காக மறுபடி பதவியேற்க வேண்டிவந்தது. 2023-ல் இந்தச் சாதித் தகுதி விஷயத்திலேயே உயர் நீதிமன்றம் அவர் தேர்தல் செல்லாது என்றது, 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து செல்லும் என்றது. எங்கள் தொகுதிக்கும் கோர்ட்டுக்கும் அப்படி என்ன ஜென்மப் பகையோ!

பாட்டிக்கு இந்த மனு விவகாரம் எதுவும் தெரியாது. அவள் 2009-லேயே போய்ச் சேர்ந்தாள். அவளுக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் பெட்டிதான். அந்தக் காலத்தில் சீட்டில் முத்திரை குத்துவது கிடையாது. வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டியின் மேல் சின்னம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். 1957-ல் தேவிகுளம் இரட்டை உறுப்பினர் தொகுதி, அதனால் ஆளுக்கு இரண்டு சீட்டு. "ஒரு சீட்டைக் கதிரரிவாள் பெட்டியில போட்டேன், ரெண்டாவதையும் அதுலயே போடப் பாத்தேன், உங்க தாத்தா வையப் போறாருன்னு நெனச்சு வேற பெட்டியில போட்டேன்" என்பாள். தாத்தாவுக்கு எப்படித் தெரியப்போகிறது என்று கேட்டால் சிரிப்பாள்.

1958 மே மாதம் இடைத்தேர்தல். கோர்ட் வெளியே அனுப்பிய அதே அம்மா அதே மலைக்குத் திரும்ப வந்தார். எதிரில் நின்றவர், மனு தள்ளப்பட்ட அதே பி.கே. நாயர், இப்போது காங்கிரஸ் வேட்பாளர். முதலமைச்சர் நம்பூதிரிபாட்டின் கம்யூனிஸ்ட் அரசுக்கு சபையில் மெஜாரிட்டி மயிரிழைதான் என்பதால் ஒவ்வொரு சீட்டும் உயிர். பின்னாளில் முதலமைச்சரான வி.எஸ். அச்சுதானந்தன் இங்கே தங்கித் தேர்தல் வேலை பார்த்தார். கம்பம் பக்கத்திலிருந்து பண்ணைப்புரம் பாவலர் வரதராசன் மலையேறி வந்து பாடினார், இளையராஜாவின் அண்ணன். தமிழ் ஜனங்களுக்கு மலையாளப் பிரசங்கத்தை விட அந்த ஆர்மோனியம்தான் காதில் ஏறியது என்று பாட்டியும் தலைவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் இருவரும் ஒத்துப்போன ஒரே விஷயம் அது. ரோசம்மா ஜெயித்தார், முதல் தடவையை விடக் கூடுதல் வித்தியாசத்தில்.

அதோடு சுபம் போட முடியாது. அதே 1958 அக்டோபரில் மூணாறு தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தொழிலாளர் ஓட்டில் வந்த அரசின் காலத்தில். பாட்டி இதைப் பற்றிப் பேசவே மாட்டாள், கேட்டால் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள். 1959 ஜூலை கடைசியில் அந்த அரசையும் கலைத்துவிட்டார்கள். ஆக, இரண்டு தடவை ஜெயித்தும் ரோசம்மா தேவிகுளம் எம்எல்ஏ-வாக இருந்தது இரண்டே கால் வருஷத்துக்குள்தான். அடுத்து சட்டசபைக்கு அவர் போனது 1987-ல், ஆலப்புழையிலிருந்து. எழுபது வயதைத் தாண்டி. அப்போதும் தற்காலிக சபாநாயகர் நாற்காலி அவருக்கே வந்தது.

என் கதைக்கு வருகிறேன். ஜெயித்தது லேசு. முதல் கமிட்டிக் கூட்டத்தில் அஜெண்டா மலையாளம், பேச்சு மலையாளம், மினிட்ஸ் மலையாளம். எனக்குப் பேச்சு வரும், எழுத்து கூட்டித்தான் படிப்பேன். மூன்று மாதம் தலையாட்டினேன். என்ன தீர்மானத்துக்குத் தலையாட்டினேன் என்று வீட்டுக்கு வந்து மகளிடம் படிக்கக் கேட்பேன். அவள் எட்டாம் வகுப்பு. ஒரு நாள் அவள், "அம்மா, நம்ம வார்டு தெருவிளக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளியிருக்காங்க, நீயும் சரின்னு சொல்லியிருக்க" என்றாள். அன்றிலிருந்து முழுதாகப் படித்துப் புரியாமல் கையெழுத்துப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். "ஒண்ணு வாசிக்கணே சாரே" என்று கேட்டால் வாசிப்பார்கள். எரிச்சலோடு வாசிப்பார்கள், ஆனாலும் வாசிப்பார்கள்.

வீட்டுக்காரர் விஷயம் தனி. முதல் வருஷம் எல்லாரும் அவரைத்தான் 'மெம்பர்' என்று கூப்பிட்டார்கள். பென்ஷன் பாரத்தை அவரிடம் கொடுப்பார்கள், அவர் என் மேஜையில் அடுக்குவார். கெட்ட எண்ணம் இல்லை, அவருக்கும் அது பிடித்திருந்தது. ஒரு விதவைப் பென்ஷன் மனு அவர் சட்டைப்பையில் இருந்தபடியே துவைக்கப்பட்டு மாவாகப் போனது. மறுநாள் நோட்டு ஒன்று வாங்கினேன். மனு வந்த தேதி, யார், என்ன, எங்கே கொடுத்தேன், என்ன பதில். யாராக இருந்தாலும் என் கையில்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் ஒரு வாரம் பேச்சுவார்த்தை இல்லை. சரி, அதுவும் போனது.

கிராம சபையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இதில்தான் புது மெம்பர்கள் மாட்டுவார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வார்டு கிராம சபையைக் கூட்ட வேண்டியது மெம்பரின் வேலை. தொடர்ந்து இரண்டு தடவை கூட்டாவிட்டால் மெம்பர் பதவியே போய்விடும். வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். எஸ்டேட்டில் வேலை நாளில் வைத்தால் கூலி போகும், யாரும் வரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை விறகு, துணி, சர்ச், சந்தை. ஜூன், ஜூலை மழையில் வெளியே தலைநீட்ட முடியாது. என் முதல் கூட்டத்துக்கு வந்தவர்கள் 19 பேர். கோரம் இல்லை என்று எழுதிவிட்டுக் கலைந்தோம். பிறகு வழி கண்டுபிடித்தேன். சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு, மதியம் இரண்டு மணி, பெரட்டுக்களத்தில். காலையில் பெரட்டுக்கு நிற்கிற இடம் என்பதால் கால் தானாக வரும். குடும்பஸ்ரீ (பெண்கள் சுயஉதவிக் குழு) கூட்டத்தையும் அன்றைக்கே அங்கேயே வைக்கச் சொன்னேன். நோட்டீஸைத் தமிழிலும் எழுதி ரேஷன் கடையில் ஒட்டினேன். அதற்குப் பிறகு கோரம் இல்லாத கூட்டம் ஒன்றுதான், அன்றைக்கு மண் சரிந்து பாதை அடைபட்டிருந்தது.

செய்ய முடியாததையும் சொல்ல வேண்டும். வீடு வாங்கித் தருவேன் என்று ஓட்டு கேட்கும்போது சொல்லியிருந்தேன். அப்போது வீட்டுத் திட்டத்தில் பேர் வர வேண்டுமானால் சொந்தமாக மண் வேண்டியிருந்தது. லயத்தில் இருப்பவருக்கு ஒரு சென்ட் கிடையாது. ரிட்டயர் ஆனால் அந்த அறையும் போய்விடும். இது தெரிந்தே சொன்னேனா, தெரியாமல் சொன்னேனா? பாதி தெரியும். அந்தப் பாதிக்கு இன்னும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. எஸ்டேட் பாதையும் அப்படித்தான், கம்பெனி மண்ணில் பஞ்சாயத்துக் காசு போட அவர்கள் அனுமதிக் கடிதம் வேண்டும். ஒரு நடைபாதைக்குக் கடிதம் வாங்க பதினான்கு மாதம் நடந்தேன். ஓட்டு கேட்கும் முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது, எது யாருடைய மண் என்பதுதான்.

பெண்களுக்கு ஒதுக்கியிருந்த எங்கள் வார்டு 2015-ல் சுழற்சியில் பொது வார்டாகிவிட்டது. "பொது வார்டுன்னா ஆம்பளை வார்டுன்னு அர்த்தமா?" என்று கேட்டு மறுபடி நின்றேன். அந்த செப்டம்பரில்தான் மூணாறில் பெண்கள் போனஸ் வெட்டை எதிர்த்து யூனியன் தலைவர்களையும் தள்ளி நிற்கச் சொல்லி ரோட்டில் உட்கார்ந்த பொம்பிளை ஒருமைப் போராட்டம். நானும் போய் உட்கார்ந்தேன். கட்சிக்காரியாக இருந்ததால் அங்கேயும் சந்தேகமாகப் பார்த்தார்கள், அங்கே போனதால் கட்சியிலும் சந்தேகமாகப் பார்த்தார்கள். தோற்றேன். 38 ஓட்டு.

தோற்ற பிறகுதான் ஒரு முக்கியமான வேலை இருக்கிறது. செலவுக் கணக்கு. முடிவு வந்து முப்பது நாளுக்குள், ஜெயித்தவரும் தோற்றவரும் ஒப்படைக்க வேண்டும். விட்டால் ஐந்து வருஷம் நிற்கத் தடை. என்னோடு பக்கத்து வார்டில் தோற்ற ஒரு தங்கச்சி, "தோத்தவளுக்கு என்ன கணக்கு" என்று விட்டுவிட்டாள். தடை வந்து அடுத்த தேர்தலில் நிற்க முடியவில்லை. நான் இருபத்தெட்டாவது நாள்தான் போனேன், அழுது முடிக்க அவ்வளவு நாளானது. மைக் செட் ரசீது கிடைக்காமல் கடைக்காரரை டீக்கடையில் பிடித்து எழுதி வாங்கினேன்.

ரோசம்மா 2013 டிசம்பரில், நூறு வயதுக்குப் பிறகு, மகன் குடும்பத்தோடு இருந்த ஓமன் நாட்டு சலாலாவில் காலமானார். நான் அப்போது மெம்பர். கமிட்டிக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் கொண்டுவரலாமா என்று கேட்டேன். "யாரது?" என்றார் ஒரு இளம் மெம்பர். "உன் சீட்டுக்கு முன்னாடி சீட்டு" என்றேன். மலையாளத்தில்தான் சொன்னேன், சரியாக வந்ததா தெரியவில்லை. எல்லாரும் எழுந்து நின்றார்கள்.

2020-ல் நான் நிற்கவில்லை. வார்டு மறுபடி பெண்களுக்கு வந்தது. எங்கள் லயத்துப் பிள்ளை ஒருத்தி, பிகாம் படித்தவள், நின்றாள். முன்மொழிய என்னைக் கூப்பிட்டாள். கொரோனா காலம், முகக்கவசத்தோடு அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தோம். அவள் போனில் என் பேரைத் தேடி, "அத்தை, உங்க வரிசை எண் 388" என்று எழுதப் போனாள்.

"பொறு" என்றேன். அச்சடித்த இறுதிப் பட்டியலை விரித்து, அவள் தம்பியின் ஸ்கேலை வாங்கி வரிக்குக் கீழே வைத்துப் பார்த்தேன். 391.